உல்லாசப் படகின் டீசல் கணக்கும் நம் மூடை வாடகையும்

மட்டாஞ்சேரிக்கு மிளகு, சுக்கு கொள்முதல் செய்யப் போய்வரும் நமது வியாபாரிகள் பலர், எர்ணாகுளம் மரைன் டிரைவில் நின்று எதிர்க்கரையைப் பார்த்திருப்பார்கள். அங்கே, 1744-ல் டச்சு வணிகர்கள் கட்டிய போல்காட்டி மாளிகையை ஒட்டி, வெள்ளை வெளேரென்று சில படகுகள் கட்டிக் கிடக்கும். கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அமைத்துள்ள மரீனா அது. மரீனா என்றதும் நமக்குச் சென்னைக் கடற்கரைதான் ஞாபகம் வரும். இது வேறு. சொந்தக்காரர்கள் தங்கள் உல்லாசப் படகைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, தண்ணீரும் மின்சாரமும் வாங்கிக்கொண்டு, நாளுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கும் இடம். ஏறக்குறைய நம் ஊர் லாரிப்பேட்டை மாதிரி. ஆனால் இங்கே நிற்பவற்றில் சரக்கு ஏறுவதில்லை.

மளிகைக் கடை வைத்திருப்பவர் உல்லாசப் படகைப் பற்றி எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் கடைக்கு வரும் ஒவ்வொரு மூடையிலும் எரிபொருள் செலவு ஒளிந்திருக்கிறது. அது வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாவற்றோடும் கலந்து வருவதால் தனியே கண்ணுக்குத் தெரிவதில்லை. உல்லாசப் படகில் சரக்கும் இல்லை, வரும்படியும் இல்லை. டீசல் எங்கே, எதற்காக எரிகிறது என்பது அதில் வெட்டவெளிச்சமாகத் தெரியும். அங்கே கணக்கைப் பழகிக்கொண்டால், லாரி ஆபீசில் போய் நிற்கும்போது உதவும்.

எழுபது அடி நீளமுள்ள ஒரு எஞ்சின் படகை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் குதிரைத்திறன் உள்ள எஞ்சின் இரண்டு பொருத்தியிருப்பார்கள். ஒரு குதிரைத்திறன் ஒரு மணி நேரம் வேலை செய்ய, டீசல் எஞ்சினுக்குச் சுமார் 180 முதல் 200 மில்லி எண்ணெய் பிடிக்கும். இது படகுக்கு மட்டுமான கணக்கல்ல. லாரிக்கும் பம்புசெட்டுக்கும் ஏறக்குறைய இதேதான். ஆக, 2,000 குதிரைத்திறனையும் முழுதாக முடுக்கினால் மணிக்கு 360 லிட்டர். கணக்கு எளிதாக இருக்க, இந்தக் கட்டுரை முழுவதும் டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 32,400 ரூபாய்! அந்த வேகத்தில் படகு மணிக்கு 52 கிலோமீட்டர் போகும். கொச்சித் துறைமுக வாயிலிலிருந்து கடல் வழியாக ஆலப்புழைக்கு நேரே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் டீசல். பயணம் செய்வதோ எட்டுப் பேர், பத்துப் பேர்.

அதே படகை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக ஓட்டினால் 150 குதிரைத்திறன் போதும். மணிக்கு 30 லிட்டர், கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர். ஆலப்புழைக்கு மூன்றரை மணி நேரம் ஆகும்; மொத்தச் செலவு நூற்றுச் சொச்சம் லிட்டர்தான். தூரம் அதுவே, படகும் அதுவே, ஆட்களும் அவர்களே. இரண்டரை மணி நேர அவசரத்துக்கு விலை சுமார் 250 லிட்டர்.

ஏன் இப்படி? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை நினைத்துப் பாருங்கள். நிலையிலிருந்து தேரை அசைப்பதுதான் பெரும்பாடு. ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து, பின்னால் நெம்புதடி போட்டு எழுப்ப வேண்டும். சக்கரம் உருள ஆரம்பித்துவிட்டால் பாரம் இலகுவாகும். தண்ணீரில் இது தலைகீழ். பல டன் எடையுள்ள படகைக் கரையிலிருந்து ஒரே ஆள் கையால் தள்ளி நகர்த்திவிடலாம். நகர்த்துவதில் செலவில்லை, வேகத்தில்தான் செலவு. படகு முன்னே போகப் போகத் தண்ணீரைத் தள்ளி அலை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட, தான் எழுப்பிய அலை மேட்டின் மீதே ஏற முயல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அறுபது, எழுபது அடிப் படகுக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் வரையில் பாதகமில்லை. அதற்கு மேல் போக எஞ்சினைப் பல மடங்கு பெரிதாக்கி, படகையே தண்ணீரின் மேல் தூக்கிச் சறுக்க வைக்க வேண்டும்.

சரக்குக் கப்பல்களுக்குக் கணக்கு இன்னும் துல்லியமானது. வேகத்தை இரட்டித்தால் தேவைப்படும் திறன் ஏறக்குறைய எட்டு மடங்கு. வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் மணிக்கு எரியும் எண்ணெய் 27 சதவீதம் குறையும். பயணம் சற்று நீளும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஒரு நடைக்கு 19 சதவீதம் மிச்சம். 2008-க்குப் பிறகு உலகின் பெரிய கண்டெய்னர் கப்பல் கம்பெனிகள் எல்லாம் வேகத்தைக் குறைத்து ஓட்டத் தொடங்கியது இதனால்தான். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியையும் ராஜபாளையம் நூலையும் தூத்துக்குடி வழியே அனுப்புகிறவர்கள், சரக்கு போய்ச்சேரும் நாட்கள் கூடியதைக் கவனித்திருப்பார்கள். அவர்களுடைய கப்பல் வாடகை பில்லில் எண்ணெய் விலை ஏற்ற இறக்கத்துக்கென்று ஒரு தனி வரி இருக்கும்; பி.ஏ.எஃப். என்று போட்டிருப்பார்கள். எண்ணெய் ஏறும்போது மறக்காமல் ஏற்றுகிற அந்தத் தொகை, இறங்கும்போதும் இறங்குகிறதா என்று பார்ப்பது நம் வேலை. இந்தோனேஷியா, மலேஷியா பாமாயிலிலும், பர்மா, ஆப்பிரிக்கத் துவரையிலும் இதே கப்பல் எண்ணெய்ச் செலவு உட்கார்ந்திருக்கிறது.

மெதுவாகப் போனால் எவ்வளவு குறைவாகச் செலவாகும் என்பதற்குக் கொச்சி மரீனாவுக்குத் தெற்கே, அதே வேம்பநாட்டுக் காயலில் சாட்சி இருக்கிறது. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் விடப்பட்ட 'ஆதித்யா' என்ற சூரிய ஒளிப் படகு 75 பேரை ஏற்றிச் செல்லும். அதன் மின்மோட்டார் இரண்டும் தலா 20 கிலோவாட்தான்; சேர்த்தால் 54 குதிரைத்திறன் அளவு. பத்துப் பேருக்கு 2,000 குதிரைத்திறன் ஒரு பக்கம், 75 பேருக்கு 54 மறுபக்கம். சூரிய ஒளியால் படகு ஓடுகிறது என்று எல்லாரும் வியக்கிறார்கள். அது அவசரப்படாமல் ஓடுவதால்தான் கூரையில் விழும் வெயிலே போதுமானதாக இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

பாய்மரப் படகு உல்லாசப் படகுகளிலேயே தனி ஜாதி. 2008 டிசம்பரில் வோல்வோ உலகக் கடல் பந்தயப் படகுகள் கொச்சிக்கு வந்தபோது, அவை காற்றை மட்டுமே நம்பி வந்தவை. சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் விளையாட்டும் பாய்மர ஓட்டம்தான். பணம் படைத்தவர் எல்லாம் டீசலை எரிப்பவர் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.

நிற்கும் படகின் செலவு

ஓடும்போது எரிவதை எல்லாரும் கணக்கிடுவார்கள். கட்டிக் கிடக்கும்போது எரிவதைத்தான் விட்டுவிடுகிறோம். நம்முடையது போன்ற வெப்ப நாட்டில், மூடிய படகுக்குள் ஏ.சி. இல்லாமல் இரவு தூங்க முடியாது. நாலைந்து அறைக்கான ஏ.சி., குளிர்பதனப் பெட்டி, விளக்கு எல்லாம் சேர்ந்து 12 கிலோவாட் ஆகிவிடும். ஜெனரேட்டரில் ஓட்டினால் யூனிட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர் டீசல். மணிக்கு நாலு லிட்டர், நாள் முழுக்க ஓட்டினால் 96 லிட்டர். ஓர் அங்குலம் நகராமல் நாளொன்றுக்கு 8,640 ரூபாய்! இதனால்தான் மரீனாவில் கரையிலிருந்தே மின்சாரம் கொடுக்கும் கம்பங்கள் வைத்திருக்கிறார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. 2012-ல் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, ஐஸ்கிரீம் பெட்டியும் பால் பெட்டியும் வைத்திருந்த கடைக்காரர்கள் ஜெனரேட்டர் போட்டு ஓட்டிப் பார்த்தவர்கள்தானே! சிறிய ஜெனரேட்டரில், பாதிச் சுமையில் ஓட்டும்போது யூனிட்டுக்கு அரை லிட்டர் வரைகூடப் போகும். மேற்சொன்ன 90 ரூபாய் கணக்குப்படி அந்த மின்சாரம் யூனிட் 30 முதல் 45 ரூபாய். பெரிய ஜெனரேட்டர் வாங்கிச் சிறிய சுமைக்கு ஓட்டுவது, பத்து டன் லாரியில் இரண்டு மூடை ஏற்றி வருவதற்குச் சமம்.

வெப்பக் கடலில் வேறொரு தொல்லையும் உண்டு. கட்டிக் கிடக்கும் படகின் அடியில் பாசியும், சுண்ணாம்பு ஓடுள்ள சிறு உயிர்களும் வெகு சீக்கிரம் ஒட்டி வளர்ந்துவிடும். குளிர்ந்த கடலை விட நம் கடலில் இது வேகமாக நடக்கும். வழவழப்பாக இருந்த அடிப்பாகம் சொரசொரப்பானால், அதே வேகத்துக்குக் கூடுதல் எண்ணெய் வேண்டும். ஆகவே படகை அவ்வப்போது மேலே ஏற்றிச் சுரண்டி, மருந்து கலந்த பெயிண்ட் அடிக்க வேண்டும். அது தனிச் செலவு. ஓட்டாமல் வைத்திருந்தால் மிச்சம் என்று நினைத்தவருக்கு இதில்தான் அடி விழும்.

டீசல் தொட்டியிலும் ஒரு சங்கதி இருக்கிறது. பாதி காலியான தொட்டியில், பகல் சூட்டுக்கும் இரவுக் குளிர்ச்சிக்கும் நடுவே காற்றிலுள்ள ஈரம் வியர்த்து, தண்ணீராக அடியில் தங்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் இடையே கிருமிகள் வளர்ந்து கறுப்புச் சளிபோல் திரளும். ஃபில்டர் அடைத்து எஞ்சின் நின்றுவிடும். மாதக்கணக்கில் ஓடாத நம் கடை ஜெனரேட்டருக்கும் இதே கதிதான். தொட்டியை நிரப்பியே வைப்பதும், அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பதும் போதும். மெக்கானிக் வந்து போகும் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

எண்ணெய் சூட்டில் விரியும் என்பதும் இங்கே சொல்ல வேண்டியது. டீசல் பத்து டிகிரி சூடு ஏறினால் நூறு லிட்டருக்குச் சுமார் முக்கால் லிட்டருக்கு மேல் பெருகும். ஆயிரக்கணக்கில் நிரப்புகிற படகுக்காரருக்கு இது பெரிய தொகை. இதே சங்கதி சமையல் எண்ணெயில் நம் கல்லாவுக்கே வந்தது நினைவிருக்கும். சில கம்பெனிகள் பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டு, பக்கத்தில் 60 டிகிரி வெப்பத்தில் என்று சிறு எழுத்தில் அச்சிட்டிருந்தன. சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம். 60 டிகிரியில் 892.6 கிராம். 26 கிராமுக்கு மேல் குறைவு. வெப்பநிலையைக் காட்டாமல் லிட்டரையும் எடையையும் சரியாகப் போடும்படி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டு, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. எண்ணெய் வாங்கும்போது லிட்டரை விட கிலோவைப் பார்ப்பவர் ஏமாறுவதில்லை.

தோணியும் லாரியும்

இப்போது சரக்குக்கு வருவோம். உல்லாசப் படகுக்கு நேர் எதிரான ஒரு படகு நமக்கு அருகிலேயே, தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் இருக்கிறது. மரத்தில் செய்த தோணி. முன்பு பாய் மட்டும் கட்டி ஓடியது. பின்னால் எஞ்சின் வைத்தார்கள். வெங்காயம், காய்கறி, செங்கல், ஜல்லி, சிமெண்ட் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் ஓடாமல் கட்டிப் போடுவார்கள்.

தூத்துக்குடியிலிருந்து மாலிக்குச் சுமார் 400 கடல் மைல், அதாவது 740 கிலோமீட்டர். 200 குதிரைத்திறன் எஞ்சினை முக்கால் பங்குக்கு ஓட்டி, மணிக்கு ஆறரைக் கடல் மைல் போகும் தோணி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 லிட்டர். 62 மணி நேரப் பயணம். ஆக 1,860 லிட்டர். மணிக்கு 30 லிட்டர் என்பது, மேலே சொன்ன உல்லாசப் படகு மெதுவாகப் போகும்போது எரிக்கும் அதே அளவுதான். ஆனால் தோணியில் 300 டன் சரக்கு இருக்கிறது. டன்னுக்கு ஆறே கால் லிட்டரில் வெங்காயம் கடல் தாண்டிவிடுகிறது. மாலத்தீவு வாங்குகிற நாடு. மீனைத் தவிர விற்க அதிகம் இல்லை. ஆகவே வெறுந்தோணியாகத் திரும்பினாலும், போக வர டன்னுக்குப் பன்னிரண்டரை லிட்டரைத் தாண்டாது.

அதே தூத்துக்குடியிலிருந்து ராஜபாளையத்துக்கு வரும் லாரியைப் பாருங்கள். நூற்றிருபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் 30 லிட்டர் ஆகும். டன்னுக்கு மூன்று லிட்டர். காலியாகத் திரும்பினால் லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் வீதம் இன்னும் 20 லிட்டர். ஆக மொத்தம் 50 லிட்டர், டன்னுக்கு ஐந்து லிட்டர். கடலில் 740 கிலோமீட்டர் போவதற்கு ஆன எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல், தரையில் 120 கிலோமீட்டருக்கே ஆகிவிடுகிறது. இதில் ரிட்டன் லோடு இல்லாததால் போனது மட்டும் ஐந்தில் இரண்டு பங்கு. ராஜபாளையத்திலிருந்து நூல் ஏற்றித் துறைமுகம் போகும் லாரியிலேயே திரும்பும்போது நமது பருப்பையும் எண்ணெயையும் ஏற்றிவரச் சொன்னால், வாடகை பேசும்போது இந்த 20 லிட்டரைக் குறைத்துப் பேசலாம். நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் லோடு போட்டால் மட்டுமே இது கைகூடும். அவரவர் தனித்தனியே குட்டி யானை பிடித்து, பாதி காலியாக, அன்றைக்கே வேண்டும் என்று வரவழைப்பது உல்லாசப் படகுக்காரர் வேலை.

டீசல் வரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உல்லாசப் படகை வாங்குகிறவருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம் ஆக்கப்பட்டது. சரிதான். ஆனால் படகை வாங்குவது ஒருமுறை. டீசல் போடுவது நாள்தோறும். பங்கில் அவர் போடும் லிட்டருக்கும், நம் அரிசி லாரி போடும் லிட்டருக்கும் வரி வித்தியாசம் கிடையாது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது டீசலை அதற்கு வெளியே வைத்துவிட்டார்கள். ஆகவே டீசலில் கட்டிய வரியை வரவு வைத்துக் கழிக்க வழியில்லை. அது வாடகையில் ஏறி, மூடையில் ஏறி, கடைசியில் வாடிக்கையாளர் தலையில் விடிகிறது. கேரள உயர்நீதிமன்றம் கேட்டதன் பேரில், 2021 செப்டம்பர் 17-ல் லக்னோவில் கூடிய 45-வது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, இப்போது வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். மத்திய அரசானாலும் மாநில அரசானாலும் டீசல் வரி கைவிட முடியாத வருமானம். தமிழ்நாட்டில் 2020 மே மாதத்தில் டீசல் வரியை 11 சதவீதமும், அதன்மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று மாற்றியமைத்தார்கள். காசாக நிர்ணயித்த பகுதி, கச்சா எண்ணெய் சரிந்தாலும் சரிவதில்லை. மீனவர் விசைப்படகுகளுக்கு மட்டும் குறிப்பிட்ட அளவு வரை வரிவிலக்கு டீசல் உண்டு. அது அவர்கள் போராடிப் பெற்றது. அதில் நமக்கு வருத்தம் இருக்க முடியாது. உணவுப்பொருள் ஏற்றும் லாரிக்கும் ஒரு வழி காணக்கூடாதா என்பதே நம் தரப்பு.

2017 ஜூன் 16 முதல் டீசல் விலை நாள்தோறும் திருத்தப்படும் முறை வந்துவிட்டதால், வாடகை உயர்வுக்கு அதையே காரணமாகச் சொல்வது எளிதாகிவிட்டது. மேலே சொன்ன தூத்துக்குடி லோடையே எடுத்துக்கொள்ளுங்கள். போக வர 50 லிட்டர். ஐம்பது கிலோ மூடை 200. டீசல் லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் லோடுக்கு ஐம்பது ரூபாய், மூடைக்கு 25 காசு. இரண்டு ரூபாய் ஏறினால் மூடைக்கு ஐம்பது காசு. டீசல் ஏறிவிட்டது என்று மூடைக்கு மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் கேட்டால், மீதி எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. லாரிக்காரரிடமும் பதில் இருக்கும்: டயர், இன்சூரன்ஸ், சுங்கச்சாவடி, டிரைவர் படி எல்லாம் ஏறித்தான் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியே எழுதிப் பேசட்டும். வருஷ வாடகை பேசும்போது, டீசல் இன்ன விலையில் இருக்கையில் மூடைக்கு இவ்வளவு, ஒரு ரூபாய் ஏறினாலோ இறங்கினாலோ 25 காசு கூடும் அல்லது குறையும் என்று சீட்டில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால், மாதா மாதம் லாரி ஆபீசில் வாக்குவாதம் செய்ய வேண்டியிராது.